கூட்டாளியின் கூலி

அன்புள்ள ஐயா,

எங்கோ நடக்கும் சண்டைக்கு, அதில் எந்தத் தாவாவும் இல்லாத நாடுகள் ஏன் படை அனுப்புகின்றன? பெரியவன் மிரட்டுகிறான், சின்னவர்கள் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் பின்னலாடை ஏற்றுமதியில் இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் "தென்கொரியா முன்னுக்கு வந்ததே வியட்நாம் போர்க்காசில்தான்" என்று அடிக்கடி சொல்வார்கள். அப்படியானால் அதே போருக்கு ஆள் அனுப்பிய பிலிப்பைன்ஸ் ஏன் வரவில்லை? போர் முடிந்தபிறகு லாபம் யாருக்கு? ஆயுதக் கம்பெனிகளுக்கு மட்டும்தானே?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஆயுதக் கம்பெனி யார் சண்டை போட்டாலும் சம்பாதிக்கும். கூட்டாளி ஏன் போகிறான் என்பதற்கு அது விடை ஆகாது. உங்கள் வட்டாரத்தில் சொல்லும் தென்கொரியக் கதை பாதி உண்மை. அந்தப் பாதியைக் கணக்கோடு பார்த்தால் மற்றவை விளங்கிவிடும்.

முதலில் வாங்குபவரின் நிலைமை. 1964 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஜான்சன் "பல கொடிகள்" என்ற திட்டத்தை அறிவித்தார். அமெரிக்காவுக்கு ஆள் பஞ்சமும் இல்லை, துப்பாக்கிப் பஞ்சமும் இல்லை. இது தன் சொந்தச் சண்டை அல்ல என்று காட்ட அடுத்தவர் கொடிகள்தான் தேவைப்பட்டன. பிரிட்டன் பிரதமர் ஹரால்ட் வில்சன் எவ்வளவு கேட்டும் படை அனுப்பவில்லை. பிரான்ஸ் வெளிப்படையாகவே எதிர்த்தது. பெரிய கொடிகள் வராததால் சின்னக் கொடிகளுக்கு விலை ஏறியது. தென்கொரியாவை ஆண்ட இராணுவத் தலைவர் பார்க் சுங் ஹீ 1961 நவம்பரிலேயே வாஷிங்டன் போய், வியட்நாமுக்குப் படை தருகிறேன் என்று கென்னடியிடம் தாமாகச் சொன்னவர். அன்று அந்தச் சரக்கைக் கேட்பாரில்லை. நாலு வருஷம் கழித்து வாங்குபவரே வாசலுக்கு வந்தார்.

அதற்காக பார்க் காசுக்கு மட்டும் போனார் என்று எழுதினால் தவறு. கொரியப் போர் 1953-ல் வெறும் போர்நிறுத்தத்தோடு நின்றது. சமாதான ஒப்பந்தம் இன்றுவரை இல்லை. வடக்கிலிருந்து படை வராமல் தடுத்துக்கொண்டிருந்தவை தென்கொரியாவில் இருந்த இரண்டு அமெரிக்க டிவிஷன்கள், அதாவது பெரும் படைப்பிரிவுகள். வியட்நாமில் ஆள் போதவில்லை என்று அவற்றைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டால்? அதற்குப் பதிலாக எங்கள் பிள்ளைகள் போகட்டும் என்பதுதான் தென்கொரியத் தலைநகர் சியோலின் முதல் கணக்கு. கூட்டாளிகள் பெரும்பாலும் இப்படித்தான் உள்ளே போகிறார்கள்: எதிரி மேல் உள்ள கோபத்தைவிட, காவலுக்கு இருப்பவன் போய்விடுவானோ என்ற பயம் பெரிது.

போன விதத்தைக் கவனியுங்கள். 1964 செப்டம்பரில் ஒரு இராணுவ மருத்துவமனையும் 10 டேக்வாண்டோ பயிற்சியாளர்களும், மொத்தம் 140 பேர். 1965 மார்ச்சில் பொறியியல் பிரிவை மையமாகக் கொண்ட சுமார் 2,000 பேர். அக்டோபரில் "புலி" டிவிஷனும் ஒரு மரைன் பிரிகேடும். நாலாவதாக "வெள்ளைக் குதிரை" டிவிஷனை அமெரிக்கா கேட்டபோது சியோல், முதலில் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள் என்றது. 1966 மார்ச் 4-ஆம் தேதி அமெரிக்கத் தூதர் வின்த்ராப் பிரவுன் கையெழுத்திட்ட குறிப்பாணை வந்தது. டிவிஷன் கப்பல் ஏறியது அதற்குப் பல மாதங்கள் கழித்துத்தான்.

அந்தக் குறிப்பாணை ஒரு கொள்முதல் ஆணை மாதிரியே இருக்கும். கொரிய இராணுவத்துக்குப் புதிய தளவாடங்கள். கூடுதல் படைக்கு ஆகும் உள்நாட்டுச் செலவு முழுவதும் அமெரிக்கா தலையில். சாவுக்கும் ஊனத்துக்கும் தரும் இழப்பீடு, முன்பு பேசிய தொகையைப்போல் இரண்டு மடங்கு. வியட்நாமில் உள்ள படைகளுக்கு வேண்டிய சாமான்களையும் வேலைகளையும் முடிந்தவரை கொரியாவிலிருந்தே வாங்குவது. அங்கே நடக்கும் கட்டுமானங்களில் கொரியக் காண்ட்ராக்டர்களுக்கு வாய்ப்பு. 1965-ல் ஜான்சன் வாக்களித்த 15 கோடி டாலர் வளர்ச்சிக் கடனுக்கு மேலும் கடன். சீருடை, பூட்ஸ் என்று ஆரம்பித்து டப்பாவில் அடைத்த கிம்ச்சி வரை போனது. கொரியச் சிப்பாய்க்குக் கொரியாவில் அடைத்த கிம்ச்சியைத்தான் வாங்கிப் போட வேண்டும் என்று அதிபர் மட்டத்திலேயே பேசியிருக்கிறார்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் ஐம்பதாயிரம் பேருக்கு ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் சப்ளை என்றால் அது ஒரு தொழிற்சாலைக்கு எவ்வளவு பெரிய ஆர்டர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மொத்தத்தில் தென்கொரியாவுக்கு வியட்நாம் வழியாக வந்த வருமானம் சுமார் 100 கோடி டாலர் என்று கணக்கிடுகிறார்கள். அந்நாட்டின் ஏற்றுமதியே 1964-ல்தான் 10 கோடி டாலரைத் தொட்டது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும். ஆனாலும் பாதி உண்மை என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1965-ல் ஜப்பானோடு செய்த ஒப்பந்தத்தில் 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் வந்தன. அமெரிக்கச் சந்தையின் கதவும் திறந்திருந்தது. போர்க்காசு மட்டும் வந்து மற்றவை இல்லாமல் போயிருந்தால் அது செலவழிந்திருக்கும், அவ்வளவுதான்.

காசைவிடப் பெரியது கையில் இருந்த ஆர்டர். சரக்குப் போக்குவரத்து நடத்திய ஹான்ஜின், 1966-ல் வியட்நாமின் குயி ஞோன் துறைமுகத்தில் அமெரிக்க இராணுவச் சரக்கை இறக்கிக் கொண்டுசேர்க்கும் காண்ட்ராக்ட்டைப் பிடித்தது. 1969-ல் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த அரசு விமான நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. இன்றைய கொரியன் ஏர் அதுதான். ஹியுண்டாய் கட்டுமான நிறுவனம் தாய்லாந்தில் எடுத்த முதல் வெளிநாட்டுச் சாலை வேலையில் நஷ்டப்பட்டது. பிறகு வியட்நாமின் காம் ரான் விரிகுடாவில் தூர்வாரும் வேலைக்குப் போனது. கனரக இயந்திரங்களை ஓட்டவும் கெடு தப்பாமல் முடிக்கவும் பழகிய அந்தக் கைகள்தான் 1968-ல் சியோல்–பூசான் நெடுஞ்சாலையில் இறங்கின. நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலை 1970 ஜூலையில் திறக்கப்பட்டது.

சரி, கீழே இருந்தவர்களுக்கு? சுமார் 3,20,000 கொரியர்கள் முறைவைத்துப் போனார்கள். 5,000 பேருக்கு மேல் திரும்பவில்லை. சாதாரணச் சிப்பாய்க்கு அமெரிக்கக் கணக்கில் கிடைத்த படி ஒரு நாளைக்கு ஒரு டாலர் சொச்சம். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஊருக்கு அனுப்பப்பட்டது. அப்படி அனுப்ப வைத்ததும் அரசுதான், டாலர் அதற்கு வேண்டியிருந்தது. காடுகளை அழிக்க அமெரிக்கா தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் நச்சு பின்னாளில் உடம்பில் வெளிப்பட்டபோது முன்னாள் வீரர்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏற வேண்டியிருந்தது. வியட்நாமில் வண்டி ஓட்டிய ஹான்ஜின் தொழிலாளர்கள் சில நூறு பேர், 1971 செப்டம்பரில் சம்பள பாக்கி கேட்டு சியோலில் உள்ள அந்த விமான நிறுவனத்தின் கட்டடத்தை முற்றுகையிட்டுத் தீ வைத்தார்கள். வியட்நாமின் பொங் நீ கிராமத்தில் 1968 பிப்ரவரி 12 அன்று கொரிய மரைன்கள் சுட்டும் குத்தியும் கொன்ற குடிமக்கள் எழுபது பேர் அளவில். அதில் பிழைத்த ஒரு பெண்ணுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது 2023 பிறந்துவிட்டது. குறிப்பாணையில் சாவுக்கு இரண்டு மடங்கு என்று எழுதியிருந்தது கொரியச் சாவுக்கு மட்டும்.

எந்தப் பயத்தால் போனார்களோ அது தீர்ந்ததா என்றால், இல்லை. 1971-ல் நிக்சன் அந்த இரண்டில் ஒன்றான ஏழாவது டிவிஷனைக் கொரியாவிலிருந்து கிளப்பிவிட்டார். பார்க் எவ்வளவோ தடுத்துப் பார்த்தார். சியோல் கையில் மிஞ்சியது போர் நடக்கும்போதே வசூலித்துக்கொண்டது.

என் கணிப்பில் எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எதற்காகப் போனான் என்பதைவிட, கூலியை எப்போது வாங்கினான் என்பதைப் பாருங்கள். எதிர் உதாரணம் இத்தாலி. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு இரகசிய ஒப்பந்தம். ஒரு மாதத்துக்குள் ஆஸ்திரியா மீது போர். கூலி முழுவதும் ஜெயித்த பிறகு: ட்ரெண்டினோ, தெற்கு டைரோல், ட்ரியஸ்ட், இஸ்ட்ரியா, டால்மேஷியக் கரையில் ஒரு பகுதி. குடியேற்ற நாடுகளில் பங்கு பற்றி மட்டும் எப்படியும் பொருள் கொள்ளக்கூடிய வாசகம். சுமார் ஆறு லட்சம் பேர் செத்தார்கள். இதற்குள் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரான ரஷ்யப் பேரரசரே இல்லை. 1917-ல் ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக்குகள் ஒப்பந்தத்தை ஊருக்கே வெளியிட்டார்கள். நடுவில் வந்து சேர்ந்த அமெரிக்காவின் அன்றைய அதிபர் உட்ரோ வில்சன், நான் போடாத கையெழுத்து என்னைக் கட்டுப்படுத்தாது என்ற நிலை எடுத்தார். டால்மேஷியாவைத் தன்னுடையது என்று சொல்ல, ஒப்பந்தம் போட்ட அன்று இல்லாத யூகோஸ்லாவிய அரசு ஒன்று உருவாகிவிட்டது. 1919-ல் இத்தாலியப் பிரதமர் ஆர்லாண்டோ பாரிஸ் மாநாட்டிலிருந்து கோபித்துக்கொண்டு எழுந்து போனார். ட்ரியஸ்ட்டும் டைரோலும் கிடைத்தன. டால்மேஷியாவில் பெரும்பகுதி கிடைக்கவில்லை. ஆற்றைக் கடக்கும் வரை அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ. அந்த ஏமாற்றத்தைக் காசாக்கியவர்களில் முசோலினி முக்கியமானவர்.

பிலிப்பைன்ஸ் முன்கூட்டியே வாங்கியது, ஆனால் ரொக்கமாக வாங்கியது. செனட்டராக இருந்தபோது படை அனுப்புவதை எதிர்த்த மார்க்கோஸ், அதிபரானதும் 1966-ல் சுமார் 2,000 பேர் கொண்ட பொறியியல் குழுவை அனுப்பினார். இதற்கு அமெரிக்கா சுமார் 3.9 கோடி டாலர் செலவழித்தது 1969-ல் அமெரிக்க செனட்டர் சைமிங்டன் குழு விசாரணையில் வெளிவந்தது. மணிலா அதை மறுத்தது. ரொக்கம் ஓர் அமைச்சகத்தின் கைக்குப் போனால் அங்கேயே கரையும். ஆர்டராக வந்திருந்தால் தையல் மிஷினாவது ஊரில் மிச்சம் இருந்திருக்கும்.

ஆஸ்திரேலியா வேறு ரகம். 60,000 பேர் போய் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். செலவையும் தானே பார்த்துக்கொண்டது. நாளை நமக்கு ஆபத்து என்றால் அமெரிக்கா வரவேண்டும் என்பதற்குக் கட்டிய பிரீமியம் அது. பாலிசி முதிர்ந்ததா என்பதை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

போகாதவர்களும் விலை கொடுத்திருக்கிறார்கள். 1966-ல் இந்தியாவில் உணவுப் பஞ்சம். வியட்நாம் பற்றி டெல்லி பேசியதில் எரிச்சலடைந்த ஜான்சன், கோதுமைக் கப்பல்களைச் சிறு சிறு தவணைகளாகவே விட்டார். ஈராக்கிடமிருந்து குவைத்தை மீட்க நடந்த 1991 போரில் விலைப்பட்டியல் இன்னும் வெளிப்படை. படை அனுப்பிய எகிப்துக்குச் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்க இராணுவக் கடன் தள்ளுபடி. ஐ.நா. பாதுகாப்பு சபையில் 1990 நவம்பர் 29 அன்று, அந்தப் போருக்கு அனுமதி தந்த தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஏமனுக்கு வர வேண்டிய சுமார் 7 கோடி டாலர் உதவி வெட்டு. சவூதியில் இருந்த ஏமன் தொழிலாளர்கள் பல லட்சம் பேர், தங்கள் அரசு ஈராக் பக்கம் சாய்ந்ததற்காக அதற்கு முன்பே மூட்டை கட்ட வேண்டியிருந்தது.

அதே போரில் ஆளே அனுப்பாமல் பணம் மட்டும் கொடுத்த கூட்டாளி ஜப்பான். கொடுத்தது சுமார் 1,300 கோடி டாலர். போர் முடிந்ததும் குவைத் அமெரிக்க நாளிதழ்களில் நாடுகளின் பெயர் போட்டு நன்றி விளம்பரம் கொடுத்தது. அதில் ஜப்பான் பெயர் இல்லை. 1992 ஜூனில் ஜப்பானிய நாடாளுமன்றம், ஐ.நா. அமைதிப் பணிகளுக்குப் படையினரை வெளிநாட்டுக்கு அனுப்ப வழி செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்திலேயே 600 பேர் கம்போடியாவில் சாலை போடப் போய்விட்டார்கள்.