கிளைடரைச் சூழ்ந்த மாடுகள்

பென்னாகரம் பக்கம் கேழ்வரகு அறுத்த கொல்லையில் கிளைடரை (இன்ஜின் இல்லாமல் பறக்கும் விமானத்தை) இறக்கியதும் மாடுகள் சூழ்ந்து இறக்கையை நக்கின, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மேலிருந்து பார்க்க அறுத்த கொல்லை வசதியாகத்தான் தெரியும். ஆனால் தாள் மேய மாடுகளை அங்கேதானே ஓட்டிவிடுவார்கள்!

நக்குவதைவிட உரசுவதே ஆபத்து. கழுத்து அரிப்புக்கு வால் பகுதியில் தேய்த்தால், அங்கே திசை திருப்ப இருக்கும் சுக்கான் வளைந்துவிடும். அதனால் கிளைடரை விட்டு நகராதீர்கள். கத்தி விரட்டவும் வேண்டாம். அந்தப் பக்கத்து நாட்டு இனமான ஆலம்பாடி மாடு மிரண்டால் இறக்கை மேலேயே பாயும். மேய்ப்பவரைக் கூப்பிடுங்கள், அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். வெள்ளாடுகள் வந்தால் இன்னும் கவனம் தேவை, அவை இறக்கையில் ஏறியே நிற்கும்.

கொல்லைக்காரரிடம் மரியாதையாகப் பேசி, பயிர்ச் சேதம் இருந்தால் ஈடு கொடுத்துவிடுங்கள். கழற்றி டிரெய்லரில் ஏற்றும் முன் சுக்கான் கீல்களை அசைத்துப் பாருங்கள்.