“ரெண்டு மூடி குடிச்சா சீக்கிரம் சரியாயிடும்ல?”

கேள்வி: எனக்கு ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். போன வாரம் மகனுக்குக் காய்ச்சல். நான் அடுப்படியில் இருந்தபோது நாற்காலி போட்டு ஏறி, பாராசிட்டமால் சிரப்பை எடுத்து இன்னொரு மூடி குடித்துவிட்டான். அவன் அக்கா ஓடிவந்து சொன்னதால்தான் தெரிந்தது. கேட்டால், “ரெண்டு மூடி குடிச்சா சீக்கிரம் சரியாயிடும்ல” என்றான். டாக்டரிடம் காட்டினோம், அந்த அளவால் ஆபத்தில்லை என்றார். ஆனால் பதற்றத்தில் நான் ஓர் அடி வைத்து, “செத்துப் போயிடுவடா” என்று கத்திவிட்டேன். இப்போது கொடுக்க வேண்டிய மருந்தையும் குடிக்க மாட்டேன் என்று அழுகிறான். அதிக மருந்து ஆபத்து என்பதை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

பதில்: உங்கள் மகன் போட்ட கணக்கில் நியாயம் இருக்கிறது. “இதைக் குடி, சரியாயிடும்” என்று நாம்தான் அவனிடம் சொல்லி வந்தோம். ஒரு மூடி நல்லது செய்தால் இரண்டு மூடி இன்னும் நல்லது செய்யும் என்று நினைத்துவிட்டான். நாம் சொல்லாமல் விட்டது அளவைப் பற்றி. அதைச் சொல்லிக்கொடுக்கச் சாவைக் காட்டத் தேவையில்லை.

ஆறு வயதுக்கு மோர் போதும். இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் ஒரு சிட்டிகை உப்பும் மற்றதில் ஒரு கரண்டி உப்பும் அவன் கையாலேயே போடச் சொல்லுங்கள். இரண்டாவதைக் குடிக்க விடாதீர்கள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாலே முகம் சுளிப்பான். “உப்பு கெட்டதா?” என்று கேளுங்கள். “இல்ல, நிறைய போட்டுட்டோம்” என்று அவன் வாயிலிருந்தே வரட்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பதை அதற்குப் பிறகு சொன்னால் பிடித்துக்கொள்வான்.

மகளுக்கு இது போதாது. உப்பு கூடினால் நாக்கு காட்டிக்கொடுக்கும். சிரப் எவ்வளவு கூடினாலும் இனித்துக்கொண்டேதான் இருக்கும். அவளிடம் கல்லீரலைப் பற்றிப் பேசுங்கள். பாராசிட்டமாலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாததாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப் பொருளாக மாறும். அதை அடக்குவதற்கென்று குளூட்டாதயோன் என்ற பொருளைக் கல்லீரல் கையிருப்பில் வைத்திருக்கிறது. மருந்து அளவோடு போனால் அந்த இருப்பு தாங்கும். மேலும் மேலும் போனால் இருப்பு தீர்ந்து, நஞ்சு கல்லீரலையே அரிக்கத் தொடங்கும். இதைப் பாத்திரம் தேய்க்கிற கதையாகச் சொல்லலாம். நாலு தட்டு என்றால் உடனே தேய்த்துக் கவிழ்த்துவிடலாம். கல்யாண வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து போட்டால் சோப்பு தீர்ந்துபோகும். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நாலு முதல் ஆறு மணி நேரம் ஏன் விடுகிறோம் என்பதும் இதிலேயே அவளுக்கு விளங்கிவிடும்.

பெருக்கல் தெரிந்த பிள்ளை என்பதால் எடைக் கணக்கையும் அவளையே போடச் சொல்லலாம். பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மி.கி. 20 கிலோ பிள்ளைக்கு 300 மி.கி. அப்பா போடும் 650 மாத்திரை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இடத்தில் பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப்பும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் மருந்து இரட்டிப்பாகிவிடும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து பெரும்பாலும் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கும் அளவுக்குக் கெட்டியானது. சளிக்கு வாங்கும் சில சிரப்புகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். காய்ச்சல் சிரப்போடு சேர்த்துக் கொடுத்தால் ஒரே மருந்தை இரண்டு முறை கொடுத்தது போலாகும். லேபிளைப் படியுங்கள், சமையலறை ஸ்பூனால் அளக்காதீர்கள்.

“செத்துப் போயிடுவ” என்ற சொல்லுக்கு வருகிறேன். பதற்றத்தில் எந்தத் தாய்க்கும் வரும் சொல்தான். ஆனால் பாராசிட்டமாலை மிக அதிகமாகக் குடித்த பிள்ளை முதல் நாள் பெரும்பாலும் நன்றாக இருப்பது போலவே தெரியும்; மிஞ்சிப்போனால் கொஞ்சம் வாந்தி, சோர்வு. கல்லீரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து இருக்கிறது. குடித்த 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அது மிக நன்றாக வேலை செய்யும். அடிக்குப் பயந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை அந்த 8 மணி நேரத்தைத்தான் இழக்கிறது. அதனால் இன்றே மகனை மடியில் உட்காரவைத்து, “அம்மா பயந்துபோய் அடிச்சுட்டேன். இனிமே தெரியாம எதைக் குடிச்சாலும் உடனே வந்து சொல்லு, அடிக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். மகளையும் தம்பி எதிரிலேயே பாராட்டுங்கள். அவள் செய்தது கோள்மூட்டல் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும்.

மறுபடி எப்போதாவது இப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். உப்புத் தண்ணீரே உயிருக்கு உலை வைக்கும். பாட்டிலையோ மாத்திரை அட்டையையோ கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் 108. டில்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அறிகுறி வரட்டும், பார்க்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் எந்த மருந்தையும் மிட்டாய் என்று சொல்லி ஊட்டாதீர்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை பார்க்க மிட்டாய் போலத்தான் இருக்கும். கைநிறைய விழுங்கினால் சின்னப் பிள்ளையின் குடலும் கல்லீரலும் தாங்காது. தாத்தாவின் சர்க்கரை மாத்திரைகளில் சில, ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். தலையணைக்கு அடியிலும் டிவி மேலும் கிடப்பவற்றையெல்லாம் எடுத்துப் பூட்டி வையுங்கள். நாற்காலி போட்டு ஏறத் தெரிந்தவனுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை.

மருந்து குடிக்க மறுப்பவனை அளவு பார்க்கும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அளவு மூடியைச் சமதரையில் வைத்து, அவன் கண்மட்டத்துக்கு நீங்களும் குனிந்து, மெல்ல ஊற்றுங்கள். கோட்டைத் தொட்டதும் “போதும்” என்று அவன் சொல்லட்டும். குடித்த நேரத்தை அக்கா காலண்டர் தாளில் எழுதட்டும். “அடுத்தது எப்போ?” என்று அவனே கடிகாரத்தைப் பார்த்துக் கேட்பான்.