கோடு போட்ட கையோடு ஆட வேண்டாம்

மைதானத்து ஓரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கால்பந்து. அதில் நாலைந்து கடிதங்கள் ஒரே கல்லூரியிலிருந்து வந்தவை என்று தோன்றுகிறது. தேதி ஒன்று, மைதானம் ஒன்று, கவலை மட்டும் ஆளுக்கு ஒன்று. ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது. அதனால் பெயர்களை விட்டுவிட்டேன்.

*ஜூலை முதல் வாரம் செலக்‌ஷன். ஆகஸ்ட் கடைசியில் எங்கள் மைதானத்திலேயே டோர்னமென்ட். எட்டு டீம், நாக்-அவுட். ஏழு வாரம் போதுமா? ஸ்டாமினாவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஓடலாம் என்கிறார்கள் சீனியர்கள்.*
– கல்லூரி அணி கேப்டன், அஸ்தம்பட்டி

ஏழு வாரம் தாராளம் தம்பி. ஏற்காட்டை மட்டும் விட்டுவிடுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஞாயிற்றுக்கிழமை என்றால் சுற்றுலா வண்டிகள் வேறு. ஏறும்போது மூச்சு வாங்கும், அது நல்லதுதான். இறங்கும்போது பிரேக் எது? உங்கள் முட்டி. திங்கட்கிழமை காலை பாதி டீம் வகுப்புப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கும். நான் பார்த்திருக்கிறேன். மலைக்காற்றில் ஓடினால் ரத்தம் ஊறும் என்றும் சொல்லியிருப்பார்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அந்தப் பலன் வேண்டுமென்றால் 2000 மீட்டருக்கு மேலே போய் மூன்று நான்கு வாரம் தங்க வேண்டும். காலையில் ஏறி, மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு மதியம் இறங்கினால் பஜ்ஜியின் பலன்தான் கிடைக்கும்.

கால்பந்தில் ஓட்டம் என்பது ஒரே சீராக ஓடுவது அல்ல. இருபது அடி பாய்ச்சல், நிற்பது, திரும்புவது, நடப்பது, மறுபடி பாய்ச்சல். அதையே பழகுங்கள். பாதி மைதானத்தில் நாலுக்கு நாலு பேராக நான்கு நிமிடம் ஆடுங்கள், இரண்டு நிமிடம் ஓய்வு. முதல் வாரம் நான்கு தடவை, மூன்றாவது வாரத்தில் ஆறு. பந்தும் காலில் இருக்கும், மூச்சும் வளரும், முதலாண்டுப் பையன்களின் பெயரும் மனப்பாடம் ஆகும்.

இரண்டு மாத விடுமுறை முடிந்து வருகிறவர்களுக்கு முதலில் பிடித்துக்கொள்வது தொடையின் பின்தசை. ஃபிஃபாவின் '11+' என்று ஒரு வார்ம்-அப் இருக்கிறது. இருபது நிமிடம், காசு கிடையாது, பந்தும் கோனும் போதும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயம் கணிசமாகக் குறைந்திருக்கிறது. அதில் ஒரு பயிற்சியை மட்டும் சொல்கிறேன். மண்டி போட்டு நில்லுங்கள். நண்பன் பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்கட்டும். இடுப்பை மடக்காமல், மரம் சாய்கிற மாதிரி மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றிக்கொள்ளலாம். முதல் நாள் எல்லோரும் தொப்பென்று விழுவார்கள், சிரிப்பாக இருக்கும். நான்காவது வாரம் விழுகிற வேகம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஐந்தாவது வாரம் வெளியூர் டீம் ஒன்றோடு ஒரு சிநேக ஆட்டம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நான்கு நாள் பயிற்சி நேரத்தைப் பாதியாக்குங்கள். அந்த நான்கு நாளில்தான் எல்லோருக்கும் பயம் வந்து கூடுதலாக ஓடுவார்கள்.

*நிதி குறைவு. வாலன்டியர் வேலைக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்க முடியாது. எங்கள் ஃபுட்பால் பையன்களே கோடு போடுவது, நாற்காலி எடுப்பது, வெளியூர் டீம்களுக்குச் சாப்பாடு பரிமாறுவது எல்லாம் செய்தால் என்ன? சொந்த மைதானம் என்ற சாதகம் எப்படியும் இருக்கிறதே.*
– போட்டிக் குழுப் பேராசிரியர், சேலம்

சார், அந்தச் சாதகத்தை நீங்களே எடுத்துக் குப்பையில் போடுகிறீர்கள்.

முப்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்த தப்பு இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. நாங்கள் முதன்முதலாகப் போட்டி நடத்திய வருடம். முந்தின நாள் சாயங்காலம் மழை. தேங்கின தண்ணீரைக் கோணிச்சாக்கில் ஒற்றி எடுத்தது என் பையன்கள். ராத்திரி பத்தரைக்கு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கோடு போட்டதும் அவர்கள்தான். அப்புறம் ரயிலில் வந்த ஒரு டீமை ஜங்ஷனிலிருந்து கூட்டி வந்து, வகுப்பறையில் பெஞ்சை நகர்த்திப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். படுக்கும்போது மணி ஒன்று. காலை ஏழரைக்கு முதல் ஆட்டம். பாய் விரித்துக் கொடுத்தார்களே, அதே டீமோடுதான்! விருந்தாளிகள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்து மூன்று கோல் போட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் இல்லை. மதியம் ஜெயித்தவர்களுக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டு நின்றான் என் சென்டர் ஃபார்வர்ட். ஒருவனும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

சொந்த மைதானத்தின் சாதகம் மூன்றுதான். சொந்தப் படுக்கையில் தூங்குவது ஒன்று. பந்து எந்த மூலையில் துள்ளும், எங்கே மண் இளகும் என்று தெரிந்திருப்பது இன்னொன்று. மூன்றாவது, பக்கத்தில் நின்று கத்துகிற கூட்டம். முதலாவதை நீங்கள் பிடுங்கிவிட்டால் மற்ற இரண்டும் எடுபடாது. என்.எஸ்.எஸ். பிள்ளைகள், என்.சி.சி. பிள்ளைகள், ஹாக்கி டீம், கபடி டீம் எல்லோரும் இருக்கிறார்களே. கபடிக்குப் போட்டி வரும்போது கால்பந்துப் பையன்கள் போய்ச் சாம்பார் ஊற்றட்டும். போட்டிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து உங்கள் ஆட்டக்காரர்கள் கையில் நாற்காலியோ கயிறோ இருக்கக் கூடாது. இதை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். வாயால் சொன்னால் நடக்காது.

*நான் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. என் படிப்பு, விளையாட்டு எல்லாம் தடகளம். கால்பந்து மைதானத்துக்குக் கோணல் இல்லாமல் கோடு போட எளிய வழி உண்டா?*
– சேலம்

உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்த பித்தாகரஸ்தான். மூலையில் ஒரு முளை அடியுங்கள். ஒரு பக்கம் 9 மீட்டர், இன்னொரு பக்கம் 12 மீட்டர், குறுக்கே 15 மீட்டர் வந்தால் மூலை சரியான செங்கோணம். மூன்று, நான்கு, ஐந்து என்றும் செய்யலாம், ஆனால் சின்ன முக்கோணத்தில் ஒரு விரல் தப்பினால் அந்தக் கோடியில் ஒரு மீட்டர் தப்பும். நைலான் கயிற்றால் அளக்காதீர்கள், இழுத்தால் நீளும். டேப்பால் அளந்துவிட்டு, கயிற்றை நேர்க்கோட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். 100-க்கு 64 மைதானம் என்றால் இரண்டும் 118.7 மீட்டர் வர வேண்டும்.

பெனால்டி ஏரியாவைப் போஸ்ட்டின் உள்விளிம்பிலிருந்து அளக்க வேண்டும். இரண்டு பக்கமும் 16.5, நடுவில் கோல் 7.32, ஆக மொத்தம் 40.32 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டரில். பெட்டிக்கு வெளியே வரும் வளைவுக்கு மையம் அந்தப் புள்ளிதான், கயிற்றின் நீளம் 9.15 மீட்டர். பெட்டிக் கோட்டில் கயிற்றை ஊன்றிச் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். நடுவட்டத்துக்கும் அதே 9.15 தான், கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

பொடி விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், சுண்ணாம்பு வேண்டாம். வழுக்கி விழுந்த பையனின் சிராய்ப்பில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தவறிப் பட்டுவிட்டால் கசக்காமல் இருபது நிமிடம் தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். வெள்ளைக்கல் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊர் நம்முடையது. கோலமாவு விற்கிறவரிடம் கேட்டால் கல்மாவு மூட்டையாகவே கிடைக்கும். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கோல் கோடும் போஸ்ட்டும் ஒரே அகலம் இருக்க வேண்டும்.

ஆகஸ்டில் மூன்று மணிக்கு மேல் சேர்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்தால் ஒரு கண் அங்கேயே இருக்கட்டும். இடிச் சத்தம் கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்புங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி கழித்துத்தான் வெளியே விட வேண்டும். தலைமை விருந்தினர் அவசரப்படுவார். படட்டும்.

*என் மகன் கோல்கீப்பர். காலை ஐந்து மணிக்கே கிளம்புகிறான், வெறும் டீதான் குடிக்கிறான். போட்டியன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரலாமாம். என்ன கொடுப்பது?*
– ஒரு அம்மா, சூரமங்கலம்

பயிற்சிக்குப் போகும்போது ஒரு வாழைப்பழம் போதும் அம்மா, வயிறு கனக்காது. வந்ததும் வழக்கமான டிபனோடு முட்டையோ சுண்டலோ சேர்த்துக் கொடுங்கள். போட்டியன்று ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் நான்கைந்து இட்லி. சட்னியில் காரம் குறைவாக, எண்ணெய் வேண்டாம். இரண்டு ஆட்டத்துக்கு நடுவில்தான் ஆபத்து. கல்லூரியில் அன்றைக்கு பிரியாணி போடுவார்கள், வாசனை மைதானம் வரை வரும். உங்கள் மகனுக்குத் தயிர்சாதம் டப்பாவில் கொடுத்து அனுப்பிவிடுங்கள். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில். தட்டுவடை செட் எல்லாம் இறுதி ஆட்டம் முடிந்த பிறகு, எத்தனை வேண்டுமானாலும்.

டீயை நிறுத்தாதீர்கள். போட்டி வாரத்தில் பழக்கத்தை மாற்றினால் தலைவலிதான் வரும்.

*எனக்கு மலைக்கிராமம். வெறுங்காலில் ஆடித்தான் பழக்கம். செலக்‌ஷனில் எடுத்துவிட்டார்கள். பூட்ஸ் போட்டால் பந்து காலில் நிற்க மாட்டேன் என்கிறது. வெறுங்காலோடு ஆட விட மாட்டார்களா, சார்?*
– முதலாண்டு மாணவர், ஏற்காடு

விட மாட்டார்கள் தம்பி. காலணியும் முழங்காலுக்குக் கீழே போடும் ஷின் கார்டும் விதிப்படி கட்டாயம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடி, பிரான்சிடம் 2–1 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். இரண்டு பெனால்டி கிடைத்தும் தவறவிட்டார்கள். ஆக, உன் கால் ஒன்றும் மட்டமான கால் இல்லை.

பூட்ஸ் வாங்கும்போது சாயங்காலம் போ, அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஆட்டத்துக்குப் போடும் சாக்ஸையே போட்டுப் பார். வெறுங்காலில் வளர்ந்தவர்களுக்கு முன்பாதம் அகலமாக இருக்கும். நீளம் சரியாக இருக்கிறதே என்று நெருக்கமானதை வாங்கிவிடாதே. சேலத்துச் செம்மண் காய்ந்தால் சிமென்ட் தரை மாதிரி. உயரமான ஆணி வைத்தது வேண்டாம், ரப்பர் குமிழ் நிறைய உள்ளது போதும். முதல் வாரம் ஹாஸ்டல் வராந்தாவில் போட்டுக்கொண்டு நட. அப்புறம் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை நிறுத்து. தினமும் நூறு தடவை, இரண்டு காலாலும். இரண்டு வாரத்தில் தோலுக்குப் பழகிவிடும். பயிற்சி முடிந்ததும் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் வெறுங்காலில் பந்தைத் தட்டு. அந்தத் தொடு உணர்ச்சியை நீ விட்டுவிடக் கூடாது.

கடன் வாங்கின பூட்ஸில் மட்டும் ஆடாதே. சீனியர் தருவார், மறுக்கச் சங்கடமாக இருக்கும். முதலிலேயே உங்கள் பி.டி. சாரிடம் போய்ச் சொல், ஏற்பாடு செய்வார். செய்யவில்லை என்றால் எனக்கு இன்னொரு கடிதம் போடு.

*கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருப்பதற்குப் புது விதி வந்திருக்கிறதாமே?*
– பழைய மாணவர், அம்மாப்பேட்டை

ஆமாம், 2025 ஜூலையிலிருந்து. முன்பு ஆறு விநாடி, மீறினால் மறைமுக ஃப்ரீ கிக். யாரும் எண்ணியதே இல்லை. இப்போது எட்டு விநாடி. கடைசி ஐந்தை நடுவர் கையை உயர்த்தி விரலால் எண்ணிக் காட்டுவார். மீறினால் எதிரணிக்குக் கார்னர். ஒரு கோல் முன்னால் இருக்கும்போது பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிற கலை இனி செல்லாது. சூரமங்கலத்து அம்மாவின் மகனும் இதைப் படிக்கட்டும்.

*நாங்கள் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால் பரிசளிப்பு வரை இருக்க வேண்டுமா?*
– மீண்டும் அந்தக் கேப்டன்

இருக்க வேண்டும். மைதானம் உங்களுடையது. பரிசளிப்பு முடிந்த பிறகு வலையை அவிழ்க்க ஆள் வேண்டும், அந்த நேரத்தில் என்.எஸ்.எஸ். பிள்ளைகள் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போது நீங்கள் கை கொடுக்கலாம், தடையில்லை. வலை நனைந்திருந்தால் சுருட்டி அறைக்குள் போட்டுவிடாதீர்கள். வராந்தா கம்பியில் இரண்டு நாள் தொங்கட்டும். கொக்கிகளை எண்ணி ஒரு டப்பாவில் போடுங்கள், ஒவ்வொரு வருடமும் நாலைந்து காணாமல் போகும்.