பதிவேட்டில் இருப்பவரும் வார்டில் இருப்பவரும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மாநிலத்தின் மக்கள்தொகைக்குப் போதுமான டாக்டர்கள் இருப்பதாகப் புள்ளிவிவரம் காட்டுகிறார்கள். மருத்துவமனைக்குப் போனால் வரிசை நகர்வதே இல்லை. இரண்டில் எதை நம்புவது?
– பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: இரண்டையும் நம்பலாம், அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். புள்ளிவிவரம் பெரும்பாலும் மருத்துவ கவுன்சிலின் பதிவேட்டிலிருந்து வருகிறது. அந்தப் பதிவேட்டில் ஒருமுறை ஏறிய பெயர், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆகவேண்டும் என்ற விதி இல்லாத இடங்களில், எளிதில் இறங்குவதில்லை. வெளிநாட்டில் குடியேறியவர், தொழிலை விட்டு நிர்வாகத்துக்குப் போனவர், குழந்தைகளுக்காக வீட்டிலிருப்பவர், காலமாகிவிட்டவர் என எல்லோரும் அதில் ‘இருக்கிறார்கள்’. வேறொரு மாநிலத்திலும் பதிவு செய்துகொண்டவர் இரண்டு இடத்திலும் எண்ணப்படுகிறார். பதிவேடு ஒருவருக்குத் தொழில் செய்ய உரிமை உண்டு என்பதற்குத்தான் சான்று. அவர் இன்று காலை புறநோயாளிகள் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதற்கு அல்ல.

இதனால்தான் பணியாளர் திட்டமிடுவோர் தலைகளை எண்ணுவதோடு நிற்காமல், ‘முழுநேரப் பணிக்குச் சமமான எண்ணிக்கை’ என்ற கணக்கைப் போடுகிறார்கள். வாரத்தில் பாதி நேரம் மட்டும் வேலை செய்யும் இருவர் அந்தக் கணக்கில் ஒருவர்தான். உலக அளவில் சுகாதாரப் பணியாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள் என்பதையும், வீட்டுப் பொறுப்பின் பெரும்பகுதி இன்னமும் அவர்கள் தலையில்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தலைக்கணக்குக்கும் நேரக்கணக்குக்கும் உள்ள இடைவெளி சிறியதாக இருக்க வாய்ப்பில்லை.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். ஒரு வார்டில் எந்த நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 24 பெருக்கல் 365, ஆக 8,760 மணி நேரம். வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்பவருக்கு ஆண்டில் 2,080 மணி நேரம் வருகிறது. அதில் பண்டிகை விடுமுறை, ஈட்டிய விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் 40 நாள் கழித்தால் மிஞ்சுவது 1,760. எனவே அந்த ஒரே ஒரு நாற்காலியை நிரப்ப ஏறக்குறைய 5 செவிலியர் தேவை. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் என்று நினைத்துப் பணியிடம் ஒதுக்கியிருந்தால், ஒருவருக்குக் காய்ச்சல் வந்த அன்றே மற்றவர்கள் அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்க்கத்தான் வேண்டியிருக்கும். வேலைப்பளுவை அளந்து ஆள்தேவையைக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் முறையும், ஒருவர் ஆண்டில் உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைப்பார் என்ற இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது.

கேள்வி: ஆயிரம் பேருக்கு ஒரு டாக்டர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதிதானே? அந்த அளவை எட்டிய மாநிலம் நிம்மதியாக இருக்கலாமா?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்

பதில்: வழிகாட்டி நூல்கள் அப்படித்தான் அச்சிடுகின்றன. ஆனால் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக அப்படியொரு விதியை அந்த நிறுவனம் விதித்ததில்லை. அது முன்வைத்த அளவுகோல்கள் டாக்டர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பவை அல்ல. 2006ஆம் ஆண்டின் உலக சுகாதார அறிக்கை டாக்டர், செவிலியர், மகப்பேறு உதவியாளர் மூன்று தரப்பினரையும் சேர்த்து ஆயிரம் பேருக்கு 2.28 என்ற அளவைச் சொன்னது. பிரசவங்களில் பெரும்பாலானவற்றைப் பயிற்சி பெற்றவர்கள் பார்க்க வேண்டுமானால் தேவைப்படும் ஆள்பலம் அது. அந்த அளவுக்குக் கீழே, கடும் தட்டுப்பாட்டில் 57 நாடுகள் இருப்பதாக அந்த அறிக்கை கணக்கிட்டது. பத்தாண்டு கழித்து, 2016இல், இலக்குகள் விரிவடைந்தபோது அளவு 4.45 ஆக உயர்ந்தது. நாட்பட்ட நோய்களையும் சேர்த்துக் கவனிக்க வேண்டுமென்றால் கூடுதல் ஆள் வேண்டும் அல்லவா?

சராசரிக்கு இன்னொரு குணமும் உண்டு: அது தலைநகரின் நெரிசலையும் கடைசி ஊரின் வெறுமையையும் ஒரே எண்ணுக்குள் மூடிவிடும். துறைவாரியாகவும் அப்படியே. அறுவை மருத்துவர் இருக்கிறார், அரங்கு இருக்கிறது, மயக்க மருத்துவர் மட்டும் இல்லை என்றால், அங்கே சிசேரியன் நடக்காது. தாயை ஆம்புலன்சில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். ஆனால் மாநிலக் கணக்கில் அந்த அறுவை மருத்துவர் ஒரு முழு எண்ணாகத்தான் நிற்பார்.

கேள்வி: கல்லூரிகளில் இடங்களை இரட்டிப்பாக்கினால் பற்றாக்குறை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
– வாசகர் ஒருவர்

பதில்: ஓரளவுக்குத் தீரும், மிகத் தாமதமாகத் தீரும். இன்று சேரும் மாணவர் அடிப்படை மருத்துவப் பட்டம் பெற ஐந்தாறு ஆண்டுகள், சிறப்பு மருத்துவராக மேலும் மூன்று ஆண்டுகளாவது ஆகும். இன்றைய பற்றாக்குறையைப் பார்த்து இடங்களை அதிகரிக்கிறோம். அவர்கள் வெளியே வரும்போது தேவை வேறாக இருக்கும். இது தொட்டியில் தண்ணீர் நிரப்புவது போன்றது. குழாயைப் பெரிதாக்கும் முன் அடியில் எத்தனை ஓட்டை என்று பார்ப்பது நல்லது. பணி ஓய்வு ஒன்று, அது வயதுக் கணக்கிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் ஒரே காலத்தில் பெருமளவில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் ஒரே காலத்தில் ஓய்வு பெறும்போது பல துறைகள் ஏதோ இடி விழுந்தது போலத் திகைத்து நிற்பதைப் பார்க்கிறோம். வெளிநாட்டுக்குச் செல்வது இன்னொன்று. செவிலியர் குறித்து 2020இல் வந்த உலக அறிக்கை, எட்டுச் செவிலியரில் ஒருவர் தாம் பிறந்த அல்லது பயின்ற நாட்டுக்கு வெளியே வேலை செய்வதாகக் கூறியது. இவற்றைவிடச் சத்தமில்லாத ஓட்டை, வேலைச் சோர்வினால் தொழிலையே விட்டுவிடுவது. பயிற்சி பெற்ற ஒருவரைத் தக்கவைப்பது புதிதாக ஒருவரை உருவாக்குவதைவிட விரைவில் பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அதற்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதால் அரசியலில் மதிப்புக் குறைவு.

கேள்வி: செவிலியர் பற்றாக்குறை என்கிறார்கள். நர்சிங் முடித்த என் மகளுக்கோ இரண்டு வருடமாக வேலை இல்லை. இது என்ன விந்தை?
– ஒரு தாய்

பதில்: அம்மா, தேவை வேறு, பணியிடம் வேறு. நோயாளிகளின் எண்ணிக்கை தேவையைத் தீர்மானிக்கிறது. நிதித்துறையின் ஒப்புதல் பணியிடத்தைத் தீர்மானிக்கிறது. ‘காலியிடம் இல்லை’ என்று ஒரு துறை சொன்னால், அனுமதிக்கப்பட்ட இடங்கள் நிரம்பிவிட்டன என்றுதான் பொருள். அந்த அனுமதி பல ஆண்டுகளுக்கு முந்தைய படுக்கை எண்ணிக்கைக்குத் தரப்பட்டதாகவும் இருக்கலாம். ஆள் பற்றாக்குறையும் வேலையின்மையும் ஒரே மாநிலத்தில் ஒரே சமயத்தில் இருப்பது இப்படித்தான்.

கேள்வி: கிராமத்தில் கட்டாயம் வேலை செய்ய வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குவது பலன் தருமா?
– ஊராட்சி உறுப்பினர் ஒருவர்

பதில்: வெறும் பத்திரம் என்றால், தொகையைக் கட்டிவிட்டுப் போக வசதியுள்ளவர்கள் போய்விடுவார்கள், மற்றவர்கள் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஜப்பானில் 1972இல் தொடங்கப்பட்ட ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் வேறு வழியை எடுத்தது. ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, படிப்புச் செலவை ஏற்று, படித்து முடித்தபின் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் சொந்த மாகாணத்திலேயே பணியாற்ற வைக்கிறது. அதில் கணிசமான காலம் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளில் கழிகிறது. கிராமப் பின்னணியில் வளர்ந்தவர்கள் கிராமத்தில் நிலைப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் காட்டுகின்றன. ஊராட்சியால் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: இரவில் பாதுகாப்பாகத் தங்கக்கூடிய குடியிருப்பு. தாழ்ப்பாள் சரியாக விழாத அறையில் ஒரு பெண் மருத்துவரைத் தங்கச் சொல்லிவிட்டு, அவர் மாற்றல் கேட்கிறார் என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயமில்லை.

கேள்வி: நர்சிங் சேர விரும்புகிறேன். கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
– பிளஸ் டூ மாணவி

பதில்: கட்டடத்தையும் பேருந்து வசதியையும் பார்க்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சிக்கு அனுப்பப்படும் மருத்துவமனையில் எத்தனை படுக்கைகளில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்கள்? வார்டில் ஒரு பயிற்றுநரிடம் எத்தனை மாணவிகள்? பிரசவ அறையில் மாணவிகள் அருகில் நின்று உதவுகிறார்களா, கதவருகே நின்று எட்டிப் பார்க்கிறார்களா? மூன்றாவதற்கான விடையை அலுவலகத்தில் கேட்காதீர்கள். இறுதியாண்டு மாணவி ஒருவரிடம் கேளுங்கள்.