வாசகர் கேள்விகள்: காய்கறியில் மருந்து

கேள்வி: கத்தரிக்காய், வெண்டைக்காயை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பூச்சிமருந்து முழுக்கப் போய்விடுமா?
– வாசகி, திண்டுக்கல்

முழுக்கப் போகாதும்மா. தோல்மேல் படிந்திருப்பது ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவினாலே ஓரளவு குறையும், உப்போ புளித்தண்ணீரோ சேர்த்தால் இன்னும் கொஞ்சம் குறையலாம். சோப்பு மட்டும் வேண்டாம். ஆனால் இமிடாகுளோபிரிட் மாதிரி சில மருந்துகள் செடிக்குள்ளேயே ஏறிச் சாற்றோடு ஓடுகிறவை. சதைக்குள் போனதை வெளியே இருந்து கழுவி எடுக்க முடியாது. அது குறைவதற்கு நாள்தான் வேண்டும். மருந்து அடித்த நாளுக்கும் காய் பறித்த நாளுக்கும் நடுவே விவசாயி எத்தனை நாள் விட்டார் என்பதில்தான் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது, உங்கள் கைக்கு வருவது அதற்கப்புறம்தான். இதற்குப் பயந்து காய்கறியைக் குறைத்துவிடாதீர்கள், அந்த நஷ்டம் பெரிது.

கேள்வி: வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிவிடும். மருந்து டப்பாவில் ஐந்து நாள், ஏழு நாள் பொறுக்கச் சொல்கிறார்கள். நாங்கள் என்னதான் செய்வது? எங்கள் ஊர்க் கடையில் மோனோகுரோட்டோபாஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதை அடிக்கலாமா?
– விவசாயி, ஒட்டன்சத்திரம் பக்கம்

இரண்டாவதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: கூடவே கூடாது. காய்கறிக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2005-லேயே மத்திய அரசு தடை போட்டாயிற்று. 2013-ல் பீகாரில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்களே, அந்த உணவில் கலந்திருந்தது இதே மருந்துதான். கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள், டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கடுமையான விஷம், கையில் எடுக்காதீர்கள்.

முதல் கேள்வி நியாயமானது, ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற பயிரில் பொறுப்பது உண்மையிலேயே கஷ்டம். அதனால் கடுமையான மருந்து எதுவானாலும் பூ வைக்கும் முன்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பறிப்பு தொடங்கியபின் வேப்பங்கொட்டைச் சாறுதான், பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், மஞ்சள் தேமல் வந்த செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், ஏனென்றால் தேமல் வைரஸ் நோய், எந்த மருந்தும் அந்தச் செடியைத் திரும்பக் குணமாக்காது. கத்தரியும் போட்டிருந்தால், தண்டையும் காயையும் துளைக்கிற புழுவுக்கு வாடிய குருத்தைக் கிள்ளி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். இத்தனைக்கும் மேலே அடித்தே ஆகவேண்டுமென்றால், விற்கிற பருவத்தில் உள்ள காய் எல்லாவற்றையும் அன்று காலையே பறித்துவிட்டு மாலையில் அடியுங்கள். டப்பாவில் போட்டிருக்கிற நாள் முடியும்வரை முற்றுகிற காய் நஷ்டம்தான், மண்டிக்கு அனுப்பாதீர்கள். நஷ்டம் உங்கள் தலையில் மட்டும் விழுவது அநியாயம், எனக்கும் அது உறுத்துகிறது, ஆனாலும் அந்தக் காயை ஒரு குழந்தை சாப்பிடும்.

கேள்வி: கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சைமேல் வெள்ளையாகப் பூசினாற்போல் இருப்பது மருந்தா?
– வாசகர், மதுரை

பெரும்பாலும் பழத்தின் இயல்பான மெழுகுப் பூச்சுதான், விரலால் தேய்த்தால் அழிந்து பளபளக்கும். நீலம் கலந்த திட்டுத் திட்டான கறை என்றால் போர்டோக் கலவையாக இருக்கலாம், அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்து அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பது. எதுவானாலும் கொத்தாக அலசாமல் பழத்தை உதிர்த்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள்.