களையை அமுக்கும் நெல்லை எப்போது அடையாளம் காண்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். ஆவணிக் கடைசியில் புழுதியில் விதைக்கிறோம். மழை விழுந்ததும் நெல்லும் புல்லும் ஒன்றாகவே முளைக்கின்றன. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. அப்பா காலத்துச் சித்திரைக்கார் நெல் களையை அமுக்கிக்கொண்டு வருமாம். இப்போது விதைக்கும் குட்டை ரகம் புல்லுக்குள் மறைந்துவிடுகிறது. களையோடு மல்லுக்கட்டும் நெல்லை நாமே தேர்ந்தெடுக்க முடியுமா? அறுப்பில் நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்தால் போதுமா?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: முடியும் தம்பி. ஆனால் அறுப்பில் பார்த்து எடுத்தால் போதாது. நானும் உப்பூர்ப் பக்கம் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். தை மாதம் நல்ல கதிராகப் பொறுக்கி, சாக்கில் கட்டி, அடுத்த வருஷம் விதைப்பேன். புல் அதே புல்லாகத்தான் இருந்தது. நெல்லுக்கும் களைக்கும் உள்ள போட்டி முதல் முப்பது, நாற்பது நாளில் முடிந்துவிடுகிறது. நடவு வயலில் இருபத்தைந்து நாள் நாற்று முந்திக்கொள்கிறது, தேங்கிய தண்ணீரும் புல்லை அடக்குகிறது. நம் புழுதிக்காலில் இரண்டும் கிடையாது. போதாக்குறைக்கு, நெல்லைப் போலவே தோற்றமளிக்கும் நெற்சக்களத்திப் புல் வெயிலிலும் வறட்சியிலும் நெல்லைவிட வேகமாக வளர்கிற இனம்.

அதனால் முளைத்த பதினான்காம் நாளும் இருபத்தெட்டாம் நாளும் வயலுக்குள் இறங்குங்கள். எந்தப் பயிர் சீக்கிரம் இலை விட்டது, எதன் இலை அகலமாகச் சாய்ந்து தரையை மூடுகிறது, எது முந்தித் தூர் கட்டுகிறது என்று பாருங்கள். அதன் பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். சக்களத்தியை நெல் என்று நினைத்துக் குச்சி நட்டுவிடக் கூடாது. இலை தண்டைவிட்டு விரிந்து விலகும் இடத்தில் நெல்லுக்கு மெல்லிய சவ்வும், சின்னக் காது மாதிரி ஒன்றும் இருக்கும். சக்களத்திக்கு அவை இரண்டும் இல்லை.

குச்சிகளைச் செழிப்பான ஓரத்திலேயே நட்டுவிடாமல் வயல் முழுக்கப் பரவலாக நடுங்கள். ஒரு வருஷம் நான் தேர்ந்தெடுத்த பயிர்களில் பாதி, எருக்கிடங்கு இருந்த மூலையில் நின்றவை. அடுத்த வருஷம் அவற்றின் பிள்ளைகள் மற்றதைப் போலத்தான் வந்தன. செழிப்பு மண்ணுடையது, விதையுடையது இல்லை. அப்புறம்தான் கதிருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாக விதைத்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. குச்சி நட்ட பயிரின் கதிரைத் தனியாக அறுத்து, மறுவருஷம் வரிசை வரிசையாக விதையுங்கள். வரிசை முழுவதும் சேர்ந்து முந்தினால்தான் அது விதையின் குணம்.

இன்னொன்று முக்கியம். நெல் தன் மகரந்தத்தாலேயே கருக்கட்டுகிற பயிர். கடையில் வாங்கிய சான்று விதையில் எல்லாப் பயிரும் ஏறக்குறைய ஒன்றே. அதற்குள் எத்தனை வருஷம் பொறுக்கினாலும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. சித்திரைக்கார், நொறுங்கன், குழியடிச்சான் போன்ற பழைய விதையை வீடு வீடாக வைத்திருந்து கலந்துபோன இடத்தில்தான் தேர்ந்தெடுக்க ஏதாவது இருக்கும்.

குட்டை ரகத்தைத் திட்டவும் எனக்கு மனசில்லை. 1960களில் பிலிப்பைன்ஸில் இருக்கும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெட்டையையும் குட்டையையும் கலந்து வளர்த்துப் பார்த்தார்கள். கலந்து வளர்த்தபோது நெட்டை குட்டையை நசுக்கியது. தனியாக வளர்த்தபோது குட்டைதான் அதிக மகசூல் தந்தது. அதனால் போட்டிபோடும் பயிர்களை ஒதுக்கி, குட்டையைக் காப்பாற்றி வளர்த்தார்கள். 1966இல் வந்த ஐ.ஆர்.8 அப்படிப்பட்ட குட்டை ரகம்தான். தண்ணீரும் உரமும் களையெடுக்க ஆளும் உள்ள வயலுக்கு அது சரி.

அப்படியென்றால் களையை அமுக்கினால் மகசூல் குறைந்துதான் ஆக வேண்டுமா? இல்லை. அதே நிறுவனத்தின் மேட்டு நில நெல் ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. களை இல்லாத பாத்தியில் இளம்பருவ வேகத்தையும் மகசூலையும் சேர்த்துப் பார்த்தாலே, களையுள்ள வயலில் எந்த ரகம் நன்றாக விளையும் என்று கணிக்கலாம் என்று அதில் கண்டார்கள். ஆகவே உயரத்தைத் தேடாதீர்கள், வேகத்தைத் தேடுங்கள். ஆளுயரம் போகும் பயிர் ஐப்பசி, கார்த்திகை புயல் மழையில் சாய்ந்துவிடும். வரிசைகளில் சாய்ந்ததை நான் தயங்காமல் கழித்துவிடுவேன்.

பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக்காகத் தந்த பரமக்குடி 3, அண்ணா 4 என்ற இரண்டு நெல் ரகங்களையும் உங்கள் சித்திரைக்காருக்குப் பக்கத்தில் ஒரே நாளில் விதைத்துப் பாருங்கள். எது முந்துகிறது என்று உங்கள் மண்ணே காட்டிவிடும்.

கேள்வி: விதையை ஊறவைத்துக் காயவைத்து விதைத்தால் நெல் முந்திக்கொள்ளுமா?
- ஒரு வாசகி, முதுகுளத்தூர்

பதில்: முந்தும், தங்கச்சி. பத்து கிலோ விதைக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் பொட்டாஷ் உரத்தைக் கரைத்து, பதினாறு மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு வரும்வரை உலர்த்துங்கள். ஊறவைக்க உவர்க் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். ஏக்கருக்கு முப்பது கிலோ விதைக்குக் குறையவும் வேண்டாம். பயிருக்கு நடுவில் இடைவெளி விழுந்தால் அங்கே கோரைதான் முதலில் தலைகாட்டும்.