எவனைப் பார்த்து எவன் எழுதினான்?

கேள்வி: நீர்யானைக்கு நெருங்கிய சொந்தம் பன்றி இல்லை, திமிங்கிலம்தான் என்கிறாள் என் மகள். பார்த்தால் பன்றி மாதிரிதானே இருக்கிறது? கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நடந்ததை யார் பார்த்து இந்த வம்ச மரத்தை வரைகிறார்கள்?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: யாரும் பார்க்கவில்லை அம்மா. காட்பாடியில் முப்பது வருஷம் விலங்கியல் வாத்தியாராக இருந்தேன். ரெக்கார்ட் நோட்டை எவன் எவனைப் பார்த்து எழுதினான் என்று நானும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் கண்டுபிடித்துவிடுவேன்.

சரியாக எழுதியதை வைத்து ஒன்றும் தெரியாது, அது எல்லா நோட்டிலும் இருக்கும். காட்டிக்கொடுப்பது தப்புதான். ஒரு வருஷம் தவளைப் படத்தில் மண்ணீரலுக்குப் போக வேண்டிய கோடு நான்கு நோட்டில் பித்தப்பையைத் தொட்டது. அந்த நான்கும் ஒரே நோட்டின் வாரிசு. அதில் இரண்டில் மட்டும் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அந்த இரண்டும் இன்னும் நெருக்கம். கிளை பிரிந்துவிட்டதா?

டிஎன்ஏவும் தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்படும் நோட்டுதான். பன்றிக்கும் நீர்யானைக்கும் காலில் நான்கு விரல் என்பது பழைய மூதாதையிடமிருந்து வந்தது. சரியான விடை மாதிரி, அதற்கு மதிப்பெண் இல்லை. டிஎன்ஏவில் தன்னையே நகலெடுத்து வேறோர் இடத்தில் சொருகிக்கொள்ளும் துணுக்குகள் உண்டு. அவற்றில் சில திமிங்கிலத்திலும் நீர்யானையிலும் ஒரே இடத்தில் இருப்பதையும், பன்றியிலும் மாட்டிலும் அந்த இடம் காலியாக இருப்பதையும் 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே துணுக்கு அதே இடத்தில் இரண்டு தடவை தனித்தனியாக விழுவது அபூர்வம்.

எல்லாத் தப்பையும் நம்பவும் கூடாது. எங்கள் பக்கம் பேச்சில் ர, ற இரண்டும் ஒன்றுதான். தவளைக்கு ‘மூன்று அரை இதயம்’ என்று பாதி வகுப்பு எழுதும், யாரையும் பார்க்காமலே! ‘எந்த மரத்துக்கு மிகக் குறைந்த மாற்றங்கள் போதுமோ அதுவே சரி’ என்ற பழைய முறை இங்கேதான் ஏமாறும். வேகமாக மாறும் இரண்டு கிளைகளைச் சொந்தமில்லாமலே அது ஒட்டவைக்கக் கூடும் என்று அமெரிக்க உயிரியலாளர் ஜோசப் ஃபெல்சென்ஸ்டைன் 1978இல் காட்டினார். எந்த மாற்றம் அடிக்கடி வரும், எது அரிது என்று நிகழ்தகவு போட்டு மரத்தை எடைபோடும் முறையை 1981இல் டிஎன்ஏவுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. கணக்கு லேசுப்பட்டதல்ல. பத்து இனங்களை வேரோடு 3,44,59,425 விதமாக மரமாக்கலாம். இருபது என்றால் கம்ப்யூட்டரே எல்லாவற்றையும் பார்க்காது. நல்லதாகத் தெரியும் மரத்தைச் சுற்றியே தேடும்.

சரி, அந்த நான்கு பையன்களில் யாரைப் பார்த்து யார் எழுதினார்கள் என்கிறீர்களா? நால்வருமே இல்லை. மூல நோட்டு முந்தின வருஷத்து அண்ணன் ஒருவனுடையது. நான் கேட்பதற்குள் அது லாங் பஜாரில் பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. நீர்யானையிலிருந்து திமிங்கிலம் வரவில்லை அம்மா, திமிங்கிலத்திலிருந்து நீர்யானையும் வரவில்லை. இரண்டும் பார்த்து எழுதிய நோட்டும் இப்போது கிடையாது.